அறுவைக்கு முந்தைய இரவில் ஏன் ரத்தம் தேடுகிறோம்? தன்னார்வக் கொடை நிலைப்பதற்கான தடைகள் குறித்து ஒரு விவாதம்

தாமிரபரணி (திருநெல்வேலி):

அனைவருக்கும் வணக்கம். நெல்லைப் பகுதியில் ரத்ததான முகாம்களை ஒருங்கிணைக்கும் ஒரு சிறு குழுவில் பல ஆண்டுகளாக இருந்து வருகிறேன். எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் நாள்தோறும் வந்து விழும் ஒரே மாதிரியான செய்திகள்தான் இந்த இழையைத் தொடங்கத் தூண்டின. நோயாளியின் பெயர், மருத்துவமனை, ரத்தப் பிரிவு, ‘நாளைக் காலை ஆபரேஷன், உடனடியாக இரண்டு யூனிட் தேவை’ என்ற வரி, உறவினர் ஒருவரின் செல்பேசி எண். நோயாளி குணமாகி வீடு திரும்பிய பிறகும் அந்தச் செய்தி மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வேலையைப் போட்டுவிட்டு ஓடிவரும் இளைஞர்களின் நல்ல மனத்தை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அறுவைக்கு முந்தைய இரவில் உறவினர்கள் ரத்தத்துக்கு அலைகிறார்கள் என்றால், அந்த ஊரில் ரத்த வங்கி என்ற ஏற்பாடு அதன் வேலையைச் செய்யவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

நாம் கடந்து வந்த தூரம் சிறிதன்று. பெரிய மருத்துவமனை வாசல்களில் காசுக்கு ரத்தம் கொடுப்பவர்கள் காத்துக் கிடந்த காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ‘காமன் காஸ்’ என்ற பொதுநல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் அளித்த தீர்ப்புக்குப் பிறகே தேசிய ரத்த மாற்றுக் குழுமமும் மாநிலக் குழுமங்களும் அமைந்தன. உரிமமில்லாத ரத்த வங்கிகளை மூட வழி பிறந்தது. 1998 முதல் பணத்துக்கு ரத்தம் பெறுவது தடை செய்யப்பட்டது. நோயாளிக்கு ஏற்றும் ரத்தத்துக்குப் பதிலாக அவருடைய உறவினரிடம் ஈடு ரத்தம் கேட்கும் வழக்கத்தையும் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் தேசிய ரத்தக் கொள்கையின் நோக்கம். தமிழ்நாட்டில் திரட்டப்படும் ரத்தத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் தன்னார்வக் கொடை என்பது அரசுக் கணக்கு.

அப்படியிருக்க, இந்த அவசரச் செய்திகள் ஏன் ஓயவில்லை? என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். கொடுக்கும் மனம் நம்மிடம் குறைவாக இல்லை. ஒருமுறை கொடுத்தவரை மீண்டும் வரவழைக்கும் ஏற்பாடுதான் இல்லை. மக்கள்தொகையில் ஒரு விழுக்காட்டினர் ஆண்டுக்கு ஒருமுறை கொடுத்தால் அடிப்படைத் தேவைக்குப் போதும் என்பது உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் அளவுகோல். ஒருவர் ஒருமுறை கொடுப்பதை ஒரு யூனிட் என்று கொண்டால், ஐந்து லட்சம் பேர் வாழும் நகரத்துக்கு அது ஐயாயிரம் யூனிட். ஆண்டுக்கு இரண்டு முறை தவறாமல் வருபவர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் இருந்தால் அந்த ஊர் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு பேரைத் தக்கவைத்துக்கொள்ள நம்மால் ஏன் முடியவில்லை என்பதைப் பற்றி, இத்துறையில் உள்ளவர்களும் கொடையாளர்களும் ரத்தம் பெற்ற குடும்பத்தினரும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காவிரிக்கரை (டெல்டா மாவட்டம்):

ஐயா, அவசியமான இழை. நான் அரசு ரத்த வங்கி ஒன்றில் ஆய்வக நுட்புநராகப் பணியாற்றுகிறேன். உங்கள் கணக்கில் ஒரு திருத்தம் மட்டும் சொல்கிறேன். நகரத்தின் மக்கள்தொகையை வைத்துத் தேவையைக் கணக்கிட முடியாது. மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊருக்குச் சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்தெல்லாம் பிரசவச் சிக்கல்களும் சாலை விபத்துகளும் புற்றுநோயாளிகளும் வந்து சேர்கிறார்கள். ஆகவே நகரத்துக் கொடையாளர்கள் ஒரு வட்டாரத்துக்கே கொடுக்க வேண்டியிருக்கிறது.

மற்றபடி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. எங்களுக்கு வரும் மொத்த ரத்தத்தைவிட, அது வந்து சேரும் நாள்கள்தான் பெரிய தலைவலி. பெற்ற ரத்தத்தைக் கூறுகளாகப் பிரித்து வைக்கிறோம். அவற்றில் சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரி குளிரில், பையில் உள்ள கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் வைத்திருக்கலாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்கு (பிளேட்லெட்) ஐந்தே நாள். அவையும் அறை வெப்பத்தில், விடாமல் அசைந்துகொண்டிருக்கும் தட்டில் இருக்க வேண்டும். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மட்டுமே உறைய வைத்து ஓராண்டு வரை பாதுகாக்கலாம். இந்தக் கெடுக்கள் தலைவர்களின் பிறந்தநாளுக்கோ நடிகர்களின் பட வெளியீட்டுக்கோ ஏற்ப நகர்ந்து கொடுப்பதில்லை. ஒரே நாளில் ஐந்நூறு பேர் வந்து கொடுத்துவிட்டால், அன்று பிரிக்கும் தட்டணுக்களில் பெரும்பகுதி அந்த வாரத்துக்குள் வீணாகிறது. அதைவிடப் பெரிய இழப்பு, அந்த ஐந்நூறு பேரும் அடுத்த தொண்ணூறு நாளுக்காவது கொடுக்க முடியாதவர்களாகிவிடுவது. ஆற்றில் ஒரே நாளில் புரண்டோடும் வெள்ளத்தால் பயிர் விளையாது. வாய்க்காலில் முறை வைத்து வரும் தண்ணீர்தான் நடவைக் காக்கும்.

ஆண்டின் போக்கைச் சொல்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் தேர்வும் விடுமுறையுமாகக் கல்லூரிகள் அடங்கிவிடும். வெயிலுக்குப் பயந்து வெளி முகாம்களும் நடப்பதில்லை. ஆனால் பிரசவமும் விபத்தும் டயாலிசிஸும் கோடை பார்த்துக் குறைவதில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் டெங்கு வருகிறது. தட்டணுக் கேட்டு வார்டிலிருந்து இரவு முழுவதும் அழைப்பு வரும். அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ ரத்ததான நாள் என்பதால் அந்த வாரம் குளிர்பெட்டி நிரம்பியிருக்கும். இன்னும் இரண்டு வாரம் தள்ளி வைத்தால் நல்லது என்று ஏற்பாட்டாளர்களிடம் நாங்கள் சொன்னால், ‘நல்ல காரியத்துக்குத் தடை சொல்கிறார்கள்’ என்று வருத்தப்படுகிறார்கள். எங்கள் அலுவலர்களும் முகாம்களின் எண்ணிக்கையைக் காட்ட வேண்டியிருப்பதால் பெரும்பாலும் மறுக்காமல் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள்.

கொங்கு வாசகன் (ஈரோடு):

நான் தனியார் மருத்துவமனை ஒன்றின் நிர்வாகத்தில் இருக்கிறேன். எல்லோரும் சொல்லத் தயங்கும் மறுபக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன். உறவினரிடம் ஈடு ரத்தம் கேட்பதைக் கொடுமை என்று எழுதுவது எளிது. ஆனால் கேட்காவிட்டால் எங்கள் ஊர் அளவிலான ரத்த வங்கிகளில் அடுத்த நோயாளிக்குக் கொடுக்க எதுவும் இருக்காது. குடும்பத்தில் ஒருவர் படுத்திருக்கும்போதுதான் ரத்தத்தின் அருமை மனிதனுக்குப் புரிகிறது. அப்போது முதன்முறையாகக் கொடுத்தவர்களில் சிலர் பிறகு தாமாகவே வருவதையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, பணம் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை கொடுப்பவருக்கு இலவச உடல்நலப் பரிசோதனை, பேருந்துக் கட்டணச் சலுகை, குடும்பத்துக்கு ஒரு சிறு காப்பீடு என்று எதையாவது அளித்தால் என்ன கெட்டுவிடும்? அரை நாள் கூலியை விட்டுவிட்டு வரும் தறித் தொழிலாளியிடம் சான்றிதழையும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டையும் கொடுத்து அனுப்புகிறோம். சேவை மனத்தை மட்டும் நம்பி ஒரு பொது ஏற்பாட்டை எத்தனை ஆண்டு நடத்த முடியும்? மேலும், முகாமில் முதன்முறையாகக் கொடுக்கும் மாணவரின் ரத்தம், நோயாளியின் தம்பி கொடுக்கும் ரத்தத்தைவிடப் பாதுகாப்பானது என்பதற்கு என்ன ஆதாரம் என்றும் கேட்க விரும்புகிறேன்.

மருதம் (மதுரை):

கொங்கு வாசகன் கேட்ட கடைசிக் கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ரத்த மாற்று மருத்துவத் துறையில் இருப்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். முதன்முறை கொடுக்கும் தன்னார்வலரும் முதன்முறை கொடுக்கும் உறவினரும் தொற்று அபாயத்தில் ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். வேறுபாடு இரண்டாவது கொடையில் தொடங்குகிறது. திரும்பத் திரும்பக் கொடுப்பவர் ஒவ்வொரு முறையும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதிக்கப்பட்டு மீண்டும் வருகிறார். கொடைக்கு முன் நிரப்பும் நம் கேள்விப் படிவத்தை முன்பே அறிந்தவர் என்பதால், தகுதி இல்லாத நாளில் அவராகவே ஒதுங்கிக்கொள்வார். பாதுகாப்பு இந்தத் தொடர்ச்சியிலிருந்து வருகிறது; ‘தன்னார்வலர்’ என்ற முத்திரை மட்டும் எதையும் காப்பாற்றாது.

ஆனால் உறவினரை நெருக்கிப் பெறும் ரத்தத்தில் வேறோர் ஆபத்து உண்டு. தொற்று உடலில் புகுந்த பிறகு பரிசோதனையில் தெரிவதற்குச் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் நம்மைக் காப்பது கொடையாளரின் உண்மையான பதில் ஒன்றுதான். அண்ணியின் அறுவை நின்றுவிடும், மாமனார் முகத்தில் விழிக்க முடியாது என்ற நிலையில் வந்து உட்காரும் ஒருவர், அந்தரங்கமான கேள்விகளுக்கு ‘இல்லை’ என்று டிக் செய்துவிட்டு எழுந்து போகவே விரும்புவார். வெளியில் பெஞ்சில் உறவினர்கள் காத்திருக்கும்போது ‘என்னால் கொடுக்க முடியாது’ என்று சொல்லிவிட்டு அவரால் எப்படி வெளியே வர முடியும்?

2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு நேர்ந்ததை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. அவருக்கு ஏற்றப்பட்ட ரத்தத்தில் எச்.ஐ.வி. தொற்று இருந்தது. அந்த ரத்தம் உறவினர் ஒருவருக்காக ஓர் இளைஞர் கொடுத்தது என்றும், அதற்கு ஈராண்டுக்கு முன் ஒரு முகாமில் அவர் கொடுத்தபோதே தொற்று கண்டறியப்பட்டும் அவருக்கு அது தெரிவிக்கப்படவில்லை என்றும் அப்போது செய்திகளில் வெளிவந்தது. பின்னர் வேறொரு பரிசோதனையில் தன் நிலையை அறிந்ததும் அவரே மருத்துவமனைக்குத் தெரிவித்தார் என்பதை நாம் மனத்தில் வைக்க வேண்டும். ஆய்வகப் பிழையைப் பற்றி நிறையப் பேசினோம். முகாமில் ரத்தம் எடுத்த பிறகு அந்த மனிதரோடு நமக்கிருந்த தொடர்பு அறுந்துபோனதைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை. கொடையாளரைத் திரும்ப அழைக்கும் ஏற்பாடும், முடிவு சரியில்லாதபோது அவரைத் தனியே அழைத்து உட்கார வைத்துச் சொல்லும் ஏற்பாடும் வெவ்வேறல்ல. இரண்டுக்கும் ஒரே பதிவேடு, ஒரே ஆலோசகர், ஒரே தொலைபேசி எண் போதும்.

சலுகை பற்றி: இலவச உடல்நலப் பரிசோதனையை நான் வரவேற்கிறேன், அது கொடையாளரின் நலனைக் காக்கிறது. ஆனால் கொடுத்தால் மட்டுமே கிடைக்கும், கொடுக்கத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பினால் கிடைக்காது என்ற எந்தச் சலுகையும் பொய் சொல்லத் தூண்டும். இதுதான் என் உரைகல். தறித் தொழிலாளிக்கு அரை நாள் கூலி போகாமல் இருக்க, முகாமை ஞாயிற்றுக்கிழமையில் தறிக்கூடத்துக்கு அருகிலேயே நடத்துவது நம் கடமை.

மலர்க்கொடி (திண்டுக்கல்):

இங்கே எல்லோரும் கொடுப்பவர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். கொடுக்க வந்து திருப்பி அனுப்பப்படுபவர்களைப் பற்றியும் பேச வேண்டும். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. எங்கள் வட்டாரத்தில் நடந்த முகாமுக்கு ஆசிரியைகள் சிலர் சேர்ந்து சென்றோம். விரலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தை நீல நிறக் கரைசல் இருந்த சிறு குவளையில் விட்டார்கள். என் சொட்டு மேலேயே நின்று தயங்கியது. ‘எச்.பி. இல்லைம்மா, அடுத்தவங்க வாங்க’ என்றார் அங்கிருந்தவர். எங்களில் பெரும்பாலோருக்கு அதே பதில்தான் கிடைத்தது. என்ன அளவு, எவ்வளவு குறைவு, என்ன சாப்பிட வேண்டும், எப்போது மறுபடி வரலாம் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடன் வந்த ஓர் ஆசிரியை, தனக்கு ஏதோ பெரிய நோய் என்று பல நாள் பயந்துகொண்டிருந்தார். அதன் பிறகு அவர் எந்த முகாமின் பக்கமும் போகவில்லை.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. கொடையாளருக்குத் தேவையான ஹீமோகுளோபின் (எச்.பி.) அளவோ டெசிலிட்டருக்கு 12.5 கிராம், ரத்தசோகை இல்லாத பெண்களிலும் சிலர் அந்த வரம்பைத் தொடமாட்டார்கள். இந்தியாவில் கொடையாளர்களில் பெண்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதற்குக் காரணம் பயம் என்று சொல்லிக்கொண்டிருந்தால் போதாது. பிரசவத்திலும் கருப்பை அறுவையிலும் ரத்தம் பெறுபவர்கள் நாங்கள். கொடுக்கும் வரிசையில் எங்களுக்கு இடமில்லாமல் போவதற்கு எங்கள் தட்டில் விழும் சோறும் ஒரு காரணம். முகாமில் திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அளவை எழுதிய ஒரு சீட்டும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை பெறுவதற்கான குறிப்பும், மறுபடி பார்க்க வேண்டிய தேதியும் கொடுப்பதற்கு என்ன செலவாகிவிடும்?

காவிரிக்கரை (டெல்டா மாவட்டம்):

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்தபோது மனம் கனத்தது. அந்தக் கரைசல் காப்பர் சல்பேட். சொட்டு பதினைந்து நொடிக்குள் மூழ்கினால் ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையாது என்பது கணக்கு. அது எண்ணைச் சொல்லாது. ஆம், இல்லை என்று மட்டுமே சொல்லும். அதனால்தான் உங்களுக்கு அளவைச் சொல்ல முடியாமல் போயிருக்கும். கையடக்கக் கருவிகள் இப்போது பல இடங்களில் வந்துவிட்டன. ஆனால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு பட்டை செலவாகும் என்பதால் பெரிய முகாம்களில் பழைய முறையே தொடர்கிறது. சொட்டு மூழ்காதவர்களுக்கு மட்டுமாவது கருவியில் ஒருமுறை பார்த்து எண்ணை எழுதிக் கொடுக்கலாம். இதை எங்கள் மருத்துவ அலுவலரிடம் எடுத்துச் சொல்லப் போகிறேன்.

வடமராட்சி மைந்தன் (யாழ்ப்பாணம்):

உறவுகளுக்கு வணக்கம். இலங்கை அனுபவத்தைப் பகிர்ந்துகொள்வது இந்த விவாதத்துக்குப் பயன்படும் என நம்புகிறேன். எங்கள் நாட்டில் 2014 முதல் குருதி முழுவதுமாகத் தன்னார்வக் கொடையாளர்களிடமிருந்தே பெறப்படுகிறது. நோயாளியின் உறவினரிடம் ‘இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்’ என்று கேட்கும் வழக்கம் இல்லை. எங்கள் அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது குருதியைப் பற்றி எங்களிடம் எவரும் ஒன்றும் கேட்கவில்லை. அது ஏற்றப்பட்டதே பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

இதற்கு மக்கள் உங்களைவிட நல்லவர்கள் என்பது காரணமன்று. அமைப்பு வேறு. அரச வைத்தியசாலைகளின் குருதி வங்கிகள் யாவும் கொழும்பின் நாரஹேன்பிட்டவில் தலைமையகம் கொண்ட தேசிய குருதி மாற்றுச் சேவை என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் இயங்குகின்றன. ஓரிடத்தில் மிகுந்திருப்பதை இன்னோரிடத்துக்கு நகர்த்த முடிகிறது. உங்கள் மாநிலத்தில் அரசு வங்கி, அறக்கட்டளை வங்கி, தனியார் மருத்துவமனை வங்கி என்று ஒவ்வொன்றும் தனித்தனியே முகாம் நடத்தித் தனித்தனியே சேமிக்கின்றன என்று அறிகிறேன். ஒரு தெருவில் வீணாவதும் அடுத்த தெருவில் தட்டுப்பாடும் ஒரே நாளில் நிகழ அதுவே வழி செய்கிறது.

எங்களிடமும் அதே நாட்காட்டிச் சிக்கல் உண்டு. பௌத்தப் பண்டிகைகளான வெசாக், பொசன் காலங்களில் தெற்கில் விகாரைகள் தோறும் முகாம்கள் நடந்து குருதி குவியும். வடக்கில் பழைய மாணவர் சங்கங்கள், விளையாட்டுக் கழகங்கள், சனசமூக நிலையங்கள் போன்றவை நடத்தும் முகாம்களே அதிகம். காலமானவரின் ஆண்டு நினைவு நாளில் குடும்பத்தார் இரத்ததான முகாம் நடத்தும் வழக்கமும் இங்கு நன்கு வேரூன்றியிருக்கிறது. நினைவு நாள்கள் ஆண்டு முழுவதும் பரவியிருப்பதால் இவை இயல்பாகவே ஒரே மாதத்தில் குவிவதில்லை. ஒவ்வொன்றிலும் வருபவர்கள் சிலரே என்றாலும், அடுத்த ஆண்டும் அதே நாளில் அதே குடும்பத்தார் அழைக்கிறார்கள். இரு கொடைகளுக்கு இடையே நான்கு மாதம் என்பது எங்கள் விதி. கொடையாளர் அட்டையில் முந்தைய கொடைகள் பதிவாகியிருப்பதால் வேறு மாவட்டத்தில் கொடுத்தாலும் தொடர்ச்சி அறுவதில்லை.

ஒரு தாய் (தருமபுரி):

என் மகனுக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய். இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவனுக்குச் சிவப்பணு ஏற்ற வேண்டும். பிறந்த சில மாதங்களிலேயே தொடங்கியது. இப்போது அவன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். அரசு ரத்த வங்கிகளில் இந்தக் குழந்தைகளுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு நன்றியோடு இருக்கிறோம். ஆனால் ரத்தம் இருப்பில் இல்லாத நாளில், கட்டணம் இல்லை என்பதால் எங்களுக்கு என்ன பயன்?

கொங்கு வாசகன் ஐயா சொன்ன ஈடு ரத்தத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அறுவை என்றால் ஒருமுறை இரண்டு பேரைக் கேட்கலாம். நாங்கள் யாரிடம் கேட்பது? முதல் இரண்டு ஆண்டில் என் தம்பிகள், கொழுந்தனார், கணவரோடு வேலை பார்ப்பவர்கள் என்று எல்லோரையும் கேட்டு முடித்துவிட்டோம். அதன் பிறகு என் எண்ணிலிருந்து அழைப்பு போனாலே சிலர் எடுப்பதில்லை. அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. மே மாதத்தில் ஒருமுறை, அவனுடைய பிரிவில் இருப்பு இல்லை என்று ஒரு வாரத்துக்கும் மேல் காத்திருந்தோம். குழந்தையின் உதடும் உள்ளங்கையும் வெளுத்துவிடும். மாடிப்படி ஏறும்போது நடுவில் உட்கார்ந்துவிடுவான். விளையாடப் போகிறேன் என்று கேட்கமாட்டான். ஏற்றிய மறுநாளே கிரிக்கெட் மட்டையைத் தேடுவான். ஹீமோகுளோபின் ஒன்பதுக்குக் கீழே போக விடாமல் பார்த்துக்கொண்டால்தான் அவனுடைய எலும்பும் இதயமும் கெடாமல் வளரும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். எங்களுக்குத் தேதி முன்பே தெரியும். ஆண்டு முழுவதற்கும் தேதி எழுதிக் கொடுக்கச் சொன்னால் இன்றைக்கே எழுதிக் கொடுப்பேன். இவ்வளவு முன்கூட்டியே தெரிந்த ஒரு தேவைக்கு ஏன் ஒவ்வொரு முறையும் அவசரச் செய்தி அனுப்ப வேண்டியிருக்கிறது?

மருதம் (மதுரை):

சகோதரி, உங்கள் கேள்விக்கு எங்கள் துறை பதில் சொல்லியாக வேண்டும். தலசீமியா, டயாலிசிஸ், திட்டமிட்ட அறுவைகள் ஆகியவற்றின் தேதிகள் எல்லாம் ஏற்கெனவே மருத்துவமனையின் ஏடுகளில் இருக்கின்றன. அவை ரத்த வங்கியின் மேசைக்கு வந்து சேர்வதில்லை. முகாம் நாட்காட்டியோ அந்தத் தேதிகளைப் பார்க்காமலே போடப்படுகிறது. ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு இருபது யூனிட் வேண்டும் என்றால், அதே பிரிவைச் சேர்ந்த பத்துப் பேர் ஆண்டுக்கு இருமுறை கொடுப்பதற்குச் சமம். அந்தப் பத்துப் பேரின் ரத்தம் அந்தக் குழந்தைக்கே போக வேண்டும் என்பதில்லை. அதே வாரத்தில் வங்கிக்கு வந்து சேர்ந்தால் போதும்.

காவிரிக்கரை (டெல்டா மாவட்டம்):

இடையில் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. கொடையாளர்கள் திரும்ப வராததற்கு நான் அடிக்கடி கேட்கும் காரணம் இதுதான்: ‘நான் சும்மா கொடுத்த ரத்தத்தை அவர்கள் ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள்.’ முகாமில் கொடுத்தவரின் உறவினர் பிறகு தனியார் மருத்துவமனையில் பில்லைப் பார்த்திருப்பார். ரத்தத்துக்கு விலை கிடையாது. பை, ஐந்து தொற்றுகளுக்கான பரிசோதனை, பிரிவு பார்த்தல், நோயாளியின் ரத்தத்தோடு பொருத்தம் பார்த்தல், கூறுகளாகப் பிரித்தல், குளிரில் காத்தல் ஆகியவற்றுக்கான செயலாக்கக் கட்டணம் மட்டுமே வாங்கலாம். தேசிய ரத்த மாற்றுக் குழுமம் 2022இல் வரையறுத்தபடி தனியார் வங்கிகளில் ஒரு யூனிட் சிவப்பணுவுக்கு அது அதிகபட்சம் 1,550 ரூபாய். அதற்கு மேல் வாங்குவது தவறு என்பதை 2023 இறுதியில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி நினைவூட்ட வேண்டியிருந்தது என்பதால் மக்களின் சந்தேகம் முழுக்க ஆதாரமற்றது என்று சொல்லிவிட முடியாது. கட்டணப் பட்டியலை முகாம் வாசலிலேயே ஒட்டிவிட வேண்டும். மறைக்க எதுவும் இல்லாதவர்கள் ஒட்டத் தயங்க மாட்டார்கள்.

நாட்டு நலப்பணி (கோவை):

கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருக்கிறேன். மாணவர்கள் இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் பதினெட்டு வயது நிரம்பிய ஒரு மாணவரின் முதல் கொடை எப்படி அமைகிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. இலக்கு இருநூறு யூனிட் என்று அறிவித்துவிடுகிறோம். காலையில் சாப்பிடாமல் விடுதியிலிருந்து வந்தவர், வெயிலில் வரிசையில் நின்றவர், நண்பர்கள் இழுத்து வந்ததால் வந்தவர் எல்லோரும் அடுத்தடுத்துப் படுக்கிறார்கள். எழுந்தவுடன் நடக்க விட்டால் அவர்களில் ஒருவர் வாசலில் மயங்கி விழுகிறார். அதைப் பார்த்த இருபது பேர் அன்றே வரிசையிலிருந்து நழுவிவிடுகிறார்கள். விழுந்தவர் வாழ்நாளில் மறுபடி கொடுப்பதில்லை. வருபவர்களைச் சாப்பிட்டுவிட்டீர்களா என்று கேட்பது, முன்னதாக இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்வது, எடுத்த பிறகு பத்து நிமிடமாவது படுக்க வைப்பது, மோரோ பழச்சாறோ குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது ஆகியவற்றைக் கட்டாயமாக்கிய பிறகு எங்கள் கல்லூரியில் மயக்கம் வெகுவாகக் குறைந்தது.

ஆண்டுக்கு ஒரு பெருமுகாம் என்பதையும் கைவிட்டோம். துறைவாரியாகப் பிரித்து மாதம் ஒரு துறை என்று அமைத்தோம். முதலில் எதிர்ப்பு வந்தது. ஏனெனில் மாதம் இருபத்தைந்து யூனிட் என்றால் நாளிதழில் படம் வராது, விருதுப் பட்டியலிலும் இடம் கிடைக்காது. இப்போதும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. படிப்பு முடிந்ததும் மாணவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறார், எண்ணை மாற்றுகிறார். எங்கள் ஏட்டில் இருக்கும் பெயர் அத்தோடு முடிந்துவிடுகிறது. ரத்த வங்கிகளின் இருப்பைக் காட்டும் மத்திய அரசின் இ-ரக்தகோஷ் இணையத்தளம் இருக்கிறது. அதில் இருப்பைப் பார்ப்பவர்கள் உண்டு; ஆனால் தொண்ணூறு நாள் முடிந்ததும் ‘உங்கள் தற்போதைய ஊரில், உங்கள் வீட்டருகே உள்ள வங்கியில் கொடுக்கலாம்’ என்று ஒருவர் அழைத்துச் சொல்லும் வேலையை எந்தத் தளமும் தானாகச் செய்துவிடாது. அதற்கு ஊதியம் பெறும் ஓர் ஆள் வேண்டும். ரத்த வங்கிகளில் ஆலோசகர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கும்வரை நாம் எழுதும் எல்லாம் காகிதத்தில்தான் இருக்கும்.

கொங்கு வாசகன் (ஈரோடு):

தருமபுரி சகோதரி எழுதியதைப் பலமுறை படித்தேன். தொடர்ந்து ரத்தம் தேவைப்படும் நோயாளிகளின் குடும்பத்திடம் ஈடு கேட்பது நியாயமில்லை என்பதில் இனி எனக்கு மறுபேச்சு இல்லை. அறுவை நோயாளிகள் விஷயத்தில் என் ஐயம் அப்படியே இருக்கிறது. கேட்பதை நாளையே நிறுத்தினால் நாளை மறுநாள் என்ன செய்வது? யாழ்ப்பாண நண்பர் சொன்ன ஒரே அமைப்பு இங்கே வருவதற்குச் சட்டமும் அரசும் மாற வேண்டும். அதுவரை, முன்கூட்டியே தேதி குறித்த அறுவைகளுக்கு மட்டும், உறவினரிடம் ‘வீட்டில் எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு, உங்களுக்கு விருப்பம் இருந்தால், மூன்று மாதத்துக்குள் ஒருநாள் வாருங்கள்’ என்று கேட்டு எண்ணை வாங்கிக்கொள்ளும் முறையை எங்கள் மருத்துவமனையில் முயன்று பார்க்க நிர்வாகத்திடம் சொல்கிறேன். அறுவைக்கு அதை நிபந்தனையாக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

தாமிரபரணி (திருநெல்வேலி):

எல்லோருக்கும் நன்றி. எங்கள் குழு நேற்று கூடிப் பேசியது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஜூன் முதல் வாரம் வரை, கல்லூரிகளை நம்பாமல், வாரத்துக்கு ஒன்றாகச் சிறு முகாம்கள் நடத்துவது என்று முடிவு செய்திருக்கிறோம். ஒரு நூற்பாலைத் தொழிற்சங்கம், ஒரு ஜமாத், ஒரு தேவாலய இளைஞர் மன்றம், இரு ஊர்க் கோயில் கமிட்டிகள், ஒரு வணிகர் சங்கம் ஆகியோர் இசைவு தந்திருக்கிறார்கள். காவிரிக்கரை ஐயாவிடம் ஒரு கேள்வி: குறைந்தது எத்தனை பேர் இருந்தால் ரத்த வங்கிக் குழு வெளியே வருவது தகும்? முன்னேற்பாடாக நாங்கள் எதைக் கையில் வைத்திருக்க வேண்டும்?

காவிரிக்கரை (டெல்டா மாவட்டம்):

ஐயா, இது வங்கிக்கு வங்கி மாறும்; உங்கள் மாவட்டத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வழக்கப்படி, உறுதியாக வரக்கூடியவர்கள் இருபத்தைந்து பேர் இருந்தால் மருத்துவ அலுவலர், செவிலியர், நுட்புநர்களோடு வண்டி எடுத்து வருவோம். அதற்குக் குறைவென்றால் அவர்களைக் காலை வேளையில் நான்கைந்து பேராக வங்கிக்கே அனுப்புவது நல்லது. இரண்டு வாரத்துக்கு முன் கடிதம் கொடுங்கள். மின்விசிறியும் நிழலும் உள்ள கூடமாகப் பாருங்கள். வெயில் ஏறுவதற்குள், பதினொரு மணிக்குள் முடித்துவிடலாம். பெயர்ப் பட்டியலில் வயது, எடை, ரத்தப் பிரிவு, கடைசியாகக் கொடுத்த தேதி ஆகிய நான்கும் இருக்கட்டும். எடை 45 கிலோவுக்குக் குறைந்தவர்களையும், ஓராண்டுக்குள் பச்சை குத்தியவர்களையும் முன்பே சொல்லி நிறுத்திவிட்டால் அவர்களுக்கு வீண் அலைச்சல் இருக்காது. பெண்களுக்கு 120 நாள் இடைவெளி என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அரிதான நெகட்டிவ் பிரிவினரை முகாமுக்கு அழைக்காமல், எண்ணை மட்டும் வங்கியில் கொடுத்து வையுங்கள். தேவைப்படும் நாளில் அவர்களை அழைத்துக்கொள்வார்கள். முதல் முகாமுக்கு நூற்பாலையைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், இரவு ஷிப்ட் முடித்து வருபவர்களிடம் அன்று எடுக்க வேண்டாம். தூங்கி எழுந்து மறுநாள் வரச் சொல்லுங்கள்.